கொடிக்கு வைத்திருந்த மெக்னீசியம்

கெண்டைக்கால் பிடித்து இழுப்பதை நான் எண்ணி வைப்பேன். ஒரு மாதத்தில் பதினான்கு தடவை. கம்பத்து டாக்டர் மெக்னீசியம் மாத்திரை எழுதினார், நாளைக்கு ஒன்று. அடுத்த மாதம் இழுத்தது ஐந்து தடவையாகக் குறைந்தது. மாத்திரை தீர்ந்த நான்காம் நாள், திராட்சைத் தோட்டத்தில் கால் மறுபடி இழுத்தது.

தோட்டத்து அறையில் மெக்னீசியம் சல்பேட் மூட்டை இருந்தது. இலை மஞ்சளித்தால் கொடிக்கு அதைத்தான் தெளிப்போம். கொடிக்கு ஆகிற சத்து எனக்கு ஆகாதா என்று இரண்டு கரண்டி கரைத்துக் குடித்தேன். பொழுது சாய்வதற்குள் ஒன்பது தடவை வயிற்றாலே போயிற்று.

"டாக்டரு நாளைக்கு ஒண்ணுன்னு சொன்னாக. நீங்க மூட்டையவே குடிச்சிருக்கீக. இனி பூச்சி மருந்துதான் பாக்கி" என்றாள் மனைவி.

மறுநாள் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். ரத்தம் எடுக்கச் சொன்னார். "கிட்னி சோர்ந்திருந்தா இந்தச் சத்து உடம்புல தங்கிரும், இதயத்தையே பாதிக்கும். அது தெரியாம இனி மாத்திரையும் கிடையாது."

முடிவு வர இரண்டு மணி நேரம். பெஞ்சுக்கும் வாசலுக்குமாக முப்பத்தாறு நடை நடந்தேன்.

"உக்காருங்க. நீங்க நடந்தா கிட்னி தேறிருமா?" என்றாள் மனைவி. அவள் கையும் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது.

கிட்னிக்குக் கேடில்லை. "தினம் ஒண்ணு, அதுக்கு மேல வேணாம். மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாப்போம்" என்றார் டாக்டர்.

மூன்று மாதம் என்றால் தொண்ணூறு நாளா, தொண்ணூற்றிரண்டா என்று கேட்டேன்.

"வீட்டுக்குப் போங்கய்யா" என்றார்.