பொட்டு வைத்த பூதம்

பூத பொம்மைகளுக்குத் தரம் பார்த்துச் சொல்கிற வேலையில், பூதத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அதைத் தொட்ட பிறகுதான் பயமே ஆரம்பிக்கும். குனோங் ராபாட்டில் என் வீட்டு முன்னறைக்குச் சனிக்கிழமைதோறும் ஆள் வரும். கம்பெனி பொம்மை சேர்க்கிறவர்களில் வாங்கப் போகிறவர்கள், வாங்கி ஏமாந்தவர்கள் எல்லாரும் கொண்டுவருவார்கள். நான் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவேன். இந்தப் பைத்தியம் உங்களுக்கும் இருந்தால் நான் படுகிற பாடு புரியும்.

ஒரு முழங்கை

தெலுக் இந்தானிலிருந்து ஒரு வாத்தியார் நாலு கைப் பூதம் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்தார். பழைய பொம்மையின் மூட்டு இறுகிப்போயிருக்கும். சுடுதண்ணீரில் காட்டித்தான் திருப்ப வேண்டும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிற நான், அன்று அவசரத்தில் ஒரு முழங்கையை அப்படியே திருப்பினேன். 'டக்' என்றது. ஒடிந்தே விட்டது என்று அலறிவிட்டேன். பார்த்தால், மூட்டில் ஒட்டியிருந்த பெயிண்ட் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். வாத்தியார் பொம்மையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துச் சொன்னார்.

"பூதம் நல்லாத்தான் இருக்கு சார், நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க."

நெற்றியில் கறை

குணா அண்ணன் கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரி டிரைவர். லாரியின் முன்கண்ணாடி ஓரம் கொம்பும் கோரைப்பல்லும் கையில் வெட்டுக்கத்தியுமாக ஒரு பூதம் நிற்கும். அது ஒரிஜினலா டூப்பா என்று மற்ற டிரைவர்களோடு அவருக்குத் தகராறு. ஒரு காலையில் மலைக்குப் போகிற வழியில் அதை என்னிடம் விட்டுப் போனார். மேலே போன் லைன் கிடைக்காது, போட்டோவை வீட்டில் அக்காவுக்கு அனுப்புங்கள் என்றார்.

அச்சு, நிறம், வாசனை எல்லாம் சுத்தம். ஒரிஜினலேதான். நெற்றியில் மட்டும் ஒரு சிவப்புக் கறை; பெயிண்ட் வழிந்திருக்கிறது என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு. கம்பெனி போட்டதில்லை என்று வெட்டினேன். ஒன்பது மார்க் போட்டுப் பெருமையாகப் போட்டோ அனுப்பினேன். அடுத்த நிமிடமே அவர் மனைவி மகேஸ்வரி அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, பொட்டு எங்க?"

காவல் இல்லாத லாரி

போன வருடம் மலைப் பாதையில் பிரேக் பிடிக்காமல் லாரி பாறையில் மோதி நின்றதாம். இந்தப் பூதம் அக்கா பிறந்த எஸ்டேட் கோவில் முனீஸ்வரன் போலவே இருக்கிறதாம். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைத்து, கயிறு கட்டி, புருஷனுக்குக் காவலாக நிறுத்தியிருக்கிறார். அண்ணனுக்கு அது வெறும் பொம்மை.

பகல் ஒரு மணிக்கு அவர் மலையடிவாரத்தில் சிம்பாங் பூலாய் இறங்கி வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். அக்கா என்னைக் கூப்பிட்டபோதே மணி மூன்றாகிவிட்டது, அவரிடமிருந்து போன் இல்லை. மழை பிடித்து, எதிரே இருக்கிற சுண்ணாம்பு மலையே தெரியவில்லை. இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லித் திரிகிறவன் நான். ஆனாலும் பயந்துபோனேன், ஒரு மனிதரை என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று தோன்றியது. சாமி மேடையிலிருந்து குங்குமம் எடுத்துப் பூதத்தின் நெற்றியில் வைத்தேன். அவசரத்தில் கோணலாகிப் போனது. கயிற்றை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். அக்கா இன்னும் போனில்தான் இருந்தார்.

"அவரு வர்ற வரைக்கும் போன வச்சிராதீங்க தம்பி, எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு."

மார்க்

நாலு மணிக்கு வாசலில் லாரிச் சத்தம். மேலே மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டதாம். அண்ணன் வரிசையில் காத்துக் கிடந்திருக்கிறார். நான் போனை அவர் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அழுகை, திட்டு, மறுபடி அழுகை. எல்லாம் முடிந்ததும் அண்ணன் பூதத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூதம் ஒரிஜினல்தான் லா தம்பி, பொட்டுதான் டூப்பு மாதிரி இருக்கு."

இப்போதெல்லாம் எந்தப் பூதம் வந்தாலும், ஒரிஜினலா என்று பார்ப்பதற்கு முன்னால் அது எங்கேயாவது வேலையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறேன்.