யோகலட்சுமி வைத்த சத்தம்

யோகலட்சுமிக்குக் காது சரியாகக் கேட்காது என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவளிடம் மட்டும் யாரும் அதைப் பேசுவதில்லை. பேசினால், நேற்று நீ உன் வீட்டுக்காரியிடம் என்ன சொல்லித் திட்டு வாங்கினாய் என்று எதிர்வீட்டு ஜன்னலில் பார்த்ததை அப்படியே ஒப்பிப்பாள். வாயசைவு போதும் அவளுக்கு. முதுகு காட்டிப் பேசினால்தான் மாட்டிக்கொள்வாள்.

பதினெட்டு வருஷம் குருநாதன் தறிக்கூடத்தில் விசைத்தறி ஓட்டியவள். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு தறி ஓடும் இடத்தில் யாரும் குரலால் பேச முடியாது. இந்த மூலையில் நிற்கிற பெண்ணும் அந்த மூலையில் நிற்கிற பெண்ணும் உதட்டையும் கையையும் வைத்தே ஒரு நாத்தனார் சண்டையை முழுசாகப் பேசி முடிப்பார்கள். எட்டு மணி நேரம் அப்படிப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் சொந்தப் பிள்ளை கூப்பிடுவது கேட்காது. நாலு வருஷத்துக்கு முன்னால் காதுக்குள் விசில் அடிப்பது நிற்கவில்லை என்று வேலையை விட்டாள். அப்போது அவளுக்கு நாற்பது வயது.

சும்மா இருக்கிற ஆள் இல்லை. தறிக்கூடத்துச் சுவரை ஒட்டியதுதான் அவள் வீடு. வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளை முன்னறையில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பத்துப் பிள்ளைகள். உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டி, ஒவ்வொரு தொட்டிலிலிருந்தும் ஒரு பாவு நூலை இழுத்துத் தன் இடது கை விரல்களில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிள்ளை புரண்டால் நூல் இழுக்கும். அழுகை வருவதற்கு முன்பே எழுந்து போய்விடுவாள். எழுந்து எழுந்து பார்க்க அலுப்பாக இருக்கிறது, அதனால்தான் நூல் என்று கேட்பவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள்.

என் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், மனு. முப்பது வருஷமாக ஊருக்கே மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன். எத்தனைக்குப் பதில் வந்தது என்று கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். மதுரையிலிருக்கும் ஒரு அறக்கட்டளை, தறி ஊர்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இன்னும் அதிகப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள நிதி தருகிறதாம் என்று யோகலட்சுமி ஒரு நோட்டீஸோடு வந்தபோது, கிடைக்காது, அடிக்கிற கூலி தண்டம் என்றுதான் சொன்னேன்.

அவள் கேட்கவில்லை. கூட ஜெயசித்ரா நின்றுகொண்டிருந்தாள். இருபத்தாறு வயசு, அதே கூடத்தில் தறி ஓட்டுகிறவள். எட்டு மாசப் பெண்குழந்தையைத் தறிக்குப் பக்கத்தில் அட்டைப் பெட்டியில் படுக்க வைத்துவிட்டு வேலை பார்த்தாள். யோகலட்சுமி வீட்டில் பதினோராவது தொட்டிலுக்கு உத்தரம் இல்லை. அவளைப் போல இன்னும் பதினாலு பேர் காத்திருந்தார்கள்.

நிபந்தனைகளை நான் வாசித்தேன். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு இடம் வேண்டும். இயந்திரம் ஓடும் எந்தக் கூடத்துக்கும் நூறு மீட்டருக்குள் இருக்கக் கூடாது. உதவிக்குச் சம்பளத்துக்கு ஒரு ஆள். நடத்துகிறவருக்குப் பார்வையும் கேட்கும் திறனும் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சான்று. கடைசி வரியை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி அடிங்க அண்ணாச்சி என்றாள்.

சான்று வாங்கியது பெரிய கதை இல்லை. டாக்டர் எடை பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், அட்டையில் எழுத்து வாசிக்கச் சொன்னார், பிறகு நேருக்கு நேராகப் பார்த்து, காது நல்லாக் கேக்குதா என்று கேட்டார். இவள் அவர் உதட்டைப் பார்த்து, நல்லாக் கேக்கு சார் என்றாள். முத்திரை விழுந்தது. இதை அவளே என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனாலும் ஸ்கேன் எடுத்து ஏற்றினேன்.

நிதி வந்தது. முப்பது வருஷத்தில் என் கையால் அடித்த விண்ணப்பத்துக்கு இப்படி ஒரு பதில் வந்ததில்லை என்பதால் அன்று நானே எனக்கு ஒரு டீ சொல்லிக்கொண்டேன். முதல் தவணை, வீடு பிடித்துச் சாமான் வாங்க. மீதி, ஒரு வருஷ வாடகைக்கும் உதவியாள் சம்பளத்துக்கும். அது அதிகாரி வந்து பார்த்து எழுதிய பிறகுதான். ஜெயசித்ரா அதை நம்பித் தறியை விட்டுவிட்டு உதவிக்கு வந்தாள். ரெண்டாவது தவணை வராவிட்டால் அவளுக்கு இந்தச் சம்பளமும் கிடையாது, விட்ட தறியும் கிடையாது. புதிதாகச் சேர்ந்த பதினைந்து பிள்ளைகளும் தறிக்குப் பக்கத்து அட்டைப் பெட்டிக்கே திரும்ப வேண்டியதுதான்.

வீடு ரயில்வே கேட்டைத் தாண்டி இருந்தது. சுற்றிலும் காலி மனைகள். நல்ல காற்று, நல்ல வெளிச்சம், சத்தம் என்பதே இல்லை. ஒரு புதன்கிழமை பால் காய்ச்சிக் குடி போனார்கள். மத்தியானம் சோறு ஊட்டி இருபத்தைந்தையும் படுக்கப் போட்டால் ஒன்றுகூடத் தூங்கவில்லை. காக்கா கத்தினால் துள்ளி எழுந்தன. கரண்டி விழுந்தால் கூட்டமாக அழுதன. வியாழன், வெள்ளி, சனி, அதே கதை. பகலெல்லாம் முழித்த பிள்ளை சாயங்காலம் பால் குடிக்காமல் சாய்ந்துவிடுகிறது, நடுராத்திரி எழுந்து விளையாடுகிறது என்று தாய்மார்கள் சடைத்துக்கொண்டார்கள். வீட்டில் ஏதோ காத்துக் கருப்பு இருக்கிறது என்று ஒருத்தி எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டாள். ரெண்டு பேர் திங்கட்கிழமை முதல் அனுப்ப மாட்டோம் என்றார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தது யோகலட்சுமியின் வீட்டுக்காரர் மாரிக்கண்ணன். அவர் தறி மேஸ்திரி. எங்கேயாவது தறி மக்கர் பண்ணினால் அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு யோசிக்கிற பழக்கம் அவருக்கு. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தவர், அப்படி ஒரு படத்தைச் சத்தமாக வைத்துப் பார்த்தார். டக்கடக் டக்கடக் என்று தறி ஓடியது. தொட்டிலில் கை காலை உதைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக அடங்கின. வயிற்றில் இருக்கும்போதே கேட்ட சத்தம். அது இல்லாத இடத்தில் அவற்றுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

ஞாயிற்றுக்கிழமை குருநாதன் கூடத்தில் போய் ஒரு மணி நேர ஓட்டத்தைப் பதிவு செய்துகொண்டு, பெரிய ஸ்பீக்கர் ஒன்றும் வாங்கி வந்தார். திங்கட்கிழமையிலிருந்து மத்தியானத்தில் இருபத்தைந்தும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கின. எலுமிச்சம்பழம் ஊறுகாய்க்குப் போனது. ஸ்பீக்கரின் சத்தத் திருகைத் திருப்பி வைப்பது யோகலட்சுமி. யாரையும் தொட விட மாட்டாள். நான் ஒரு நாள் போயிருந்தபோது, இவ்வளவு சத்தமா என்று கேட்டேன். ஜெயசித்ரா சிரித்தாள். தறிக்காரிக்கு அது ஒரு சத்தமே இல்லை. பிள்ளைகளைக் கூப்பிட வந்த தாய்மார்களுக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. அண்ணாச்சிக்குக் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து காது மெலிந்துவிட்டது என்று யோகலட்சுமி தீர்ப்புச் சொன்னாள். நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

ஸ்பீக்கர் வந்து பதினேழாம் நாள், புதன்கிழமை, அறக்கட்டளையிலிருந்து எப்சிபா என்ற அதிகாரி வந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும். கோப்பு என்னிடம் இருந்ததால் நானும் போயிருந்தேன். ரயில்வே கேட்டில் ஆட்டோவை விட்டு இறங்கியதுமே, இங்கே எந்தத் தறிக்கூடம் என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பாமல் வீட்டைச் சுற்றி ஒரு வலம் வந்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.

யோகலட்சுமி பெருமையாக ஸ்பீக்கரைக் காட்டினாள். பிள்ளைகள் தூங்காமல் கிடந்தது, மேஸ்திரி கண்டுபிடித்தது, எல்லாவற்றையும் சொன்னாள். எப்சிபா போனை எடுத்துச் சத்தத்தை அளந்தார். முகம் மாறியது.

"நூறு மீட்டர்னு எதுக்குப் போட்டோம்னு நெனைக்கீங்க? இந்தச் சத்தத்துல வேலை பாக்கிற பெரியவங்களுக்கே காது போகுதுக்கா. இது கைப்பிள்ளைங்க."

"நிப்பாட்டினா முழிச்சிரும் மேடம்," என்றாள் யோகலட்சுமி.

எப்சிபா ஸ்பீக்கருக்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். யோகலட்சுமி தொட்டில்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிப்பாட்டிட்டீங்கள்லா? இப்பப் பாருங்க, ஒவ்வொண்ணா முழிக்கும்."

ஒன்றும் முழிக்கவில்லை. அடுத்த தெருவில் ஒரு தறி ஓடுகிற அளவுக்கு எனக்குச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஜெயசித்ராவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எப்சிபா நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

"நான் நிப்பாட்டலக்கா. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

யோகலட்சுமி எங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்தாள். பிறகு போய் ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அதிர்வு தெரிந்திருக்கும். கையை எடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் காதுக்கு வேண்டியதல்லா இதுக காதுல ஊத்திருக்கேன்," என்றாள். அப்புறம் யாரும் கேட்காமலே, "அந்த டாக்டர் சீட்டு பொய் மேடம். அவரு வாயப் பாத்துத்தான் பதில் சொன்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. கிடைத்ததைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொள்கிறாளே என்று இருந்தது. அந்தச் சீட்டை ஏற்றியவன் நான் என்ற பயமும் அதில் பாதி. ஜெயசித்ராவின் முகத்தில் ரத்தமே இல்லை.

பிள்ளை அழுதால் எப்படித் தெரியும் என்று எப்சிபா கேட்டார். குரலில் கடுமை இருந்தது. யோகலட்சுமி இடது கையைத் தூக்கி நூல்களைக் காட்டினாள். தொட்டில் பிள்ளைகளுக்கு நூல், பாயில் கிடப்பவை கண்ணுக்கு முன்னால் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மோதிர விரல் லேசாக இழுபட்டது. பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து ஆறாவது தொட்டிலுக்குப் போனாள். ஜெயசித்ராவின் மகள் கண்ணைத் திறந்துகொண்டிருந்தாள். இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை. எப்சிபா எதையோ எழுதினார். கிளம்பும்போது பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்துத் திருகின் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, இதைத் தாண்டக் கூடாது என்று ஜெயசித்ராவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இருபது நாள் கழித்து அறிக்கை என் கடைக்கு மெயிலில் வந்தது. ரெண்டாவது தவணைக்குச் சம்மதம், மூன்று நிபந்தனைகளோடு. சத்தம் கோட்டைத் தாண்டக் கூடாது, மாசாமாசம் குறைத்து ஆறு மாசத்தில் அடியோடு நிறுத்த வேண்டும். காது கேட்கும் ஆள் ஒருவர் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். நடத்துகிறவர் காதைப் பரிசோதித்துக் கருவி வாங்கி, புதுச் சான்று அனுப்ப வேண்டும். கருவிக்கான செலவு சாமான்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது: பாய், தொட்டில் கொக்கி, தண்ணீர் வடிகட்டி, காது கருவி. வாசித்துக் காட்டினேன். என்னையும் ஒரு சாமானாக்கிட்டாவளே என்று சொல்லிச் சிரித்தாள். பிள்ளைகளையும் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்க் காது பார்க்க வேண்டும் என்று அறிக்கையில் இல்லாததை அவளே சேர்த்துக்கொண்டாள். இருபத்தைந்துக்கும் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கருவி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச் சான்றை வாங்க அந்த வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் இல்லை. தொட்டில்களைச் சுருட்டி மேலே செருகியிருந்தார்கள். யோகலட்சுமி ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், இரண்டு காதிலும் கருவி. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, போனை அமுக்கி, திருகை எப்சிபா போட்ட கோட்டைத் தாண்டித் திருப்பினாள். தன் பழைய இடத்துக்கே கொண்டுபோனாள்.

பத்து எண்ணுவதற்குள் இரண்டு காதிலிருந்தும் கருவியைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். தறி ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் போய் நிறுத்தினேன்.

"ஞாயித்துக்கிழமையக் கழிச்சா பதினஞ்சு நாளு இத வச்சிருக்கேன், அண்ணாச்சி," என்றாள். "ஒண்ணாவது அழுதிருக்கலாம்லா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னேன். அவளுக்கு அது கேட்டிருக்காது.