பத்து நிமிஷம்

பீரோவை ஒதுக்கும்போது கிடைத்த அம்மாவின் கைக்கடிகாரப் பட்டையில் இன்னும் மில் எண்ணெய் வாடை அடிக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்தன்று தெருக்கடையில் வாங்கிய மலிவு வாட்ச். சாவி கொடுத்தால் இன்றும் ஓடுகிறது. மில்லைத்தான் இடித்துப் பிளாட் போட்டு விற்றுவிட்டார்கள்.

ராஜபாளையத்தில் அந்த மில்லை ஒட்டியிருந்த லைன் வீடுகளில், கொடித் துணியிலும் தட்டுச் சோற்றிலும் பஞ்சுத்தூசி படிய வளர்ந்த எங்களுக்கு, உலை வைப்பதும் பள்ளிக்கூடம் கிளம்புவதும் மில் சங்கைக் கேட்டுத்தான். வேலை முடியும் சங்கு மட்டும் தினமும் பத்து நிமிஷம் பிந்தியே ஊதும் என்பது, வாட்சை இடுப்பில் செருகி ஒளித்துக்கொண்டு போன அம்மாவுக்குத்தான் தெரியும். பெண்கள் வாட்ச் கட்டினால் மெஷினில் மாட்டிக்கொள்ளுமாம். சூப்பர்வைசர் கட்டினால் மாட்டாதாம்.

ஒருநாள், "மணி என்னக்கா ஆச்சு?" என்று பக்கத்து மெஷின்காரி கேட்க, அம்மா எடுத்துப் பார்த்துச் சொல்ல, அத்தனை பெண்களும் சங்குக்கு முன்னால் வெளியே வந்துவிட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் வேலை போனது.

மறுவாரம் அம்மாவின் மெஷினுக்கு என் அக்கா வேலைக்குப் போனாள்.

"வாட்ச நான் கொண்டு போகட்டாம்மா?"

"வேண்டாம்ட்டி. சங்கு ஊதுறதுதான் மணி."

சொல்லிவிட்டு, வாட்சின் முள்ளை அம்மாவே பத்து நிமிஷம் பின்னால் திருப்பிவைத்தாள்.