சாமி முன்னால் இருந்த பலகை

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். பெற்ற பிள்ளையைப் பற்றி எழுதினால் பெருமாள் மன்னிப்பாரா என்று பயம். அதிகம் படித்தவளும் இல்லை. ஆனாலும் மனசுக்குள் கிடந்து அறுக்கிறது.

செவிலிமேட்டில் நானும் என் வீட்டுக்காரரும் கட்டிய வீடு. அவர் போன பிறகு மகன் வீடு முழுக்க, மரம் மாதிரித் தெரியும் லேமினேட் பலகை போட்டான். தண்ணீர் பட்டால் உப்பிவிடுமாம். என் அறையில்தான் சாமி அலமாரி. அதன் முன்னால் வெள்ளிக்கிழமை மாக்கோலம் போடுவதை அதோடு விட்டேன். வெறும் பலகையில் விழுந்து கும்பிட்டேன். ஒருநாள் கற்பூரம் சிதறி ஒரு பலகையில் கருப்பாகத் தழும்பு விழுந்தது.

பிறகு ஹால் பத்தவில்லை என்று நடுச்சுவரை என் அறைப்பக்கம் நாலடி தள்ளினார்கள். பழைய சுவர் இருந்த இடத்தில் நீளமாகச் சிமெண்ட் தெரிந்தது. பலகை போடும் பாய் வந்து பார்த்தார்.

"அதே கலரு இப்ப வர்றதில்லபா. வேறத வெச்சா பட்டுப் பொடவைல நைலக்ஸ் ஒட்டு போட்ட மாதிரி பல்ல இளிக்கும். இந்தாண்ட வரிசையும் அந்தாண்ட வரிசையும் ஒத்தும் வராது. ரூமுலேர்ந்து இப்ப ஹாலுக்கு வந்த நாலடிய கழட்டி, ஹால்லேர்ந்து கோத்துக்கினே வரணும். செவுரு இருந்த எடத்துக்கும் வெட்டுல வீணாப் போறதுக்கும் பலக எங்க?"

மகன் யோசிக்கவேயில்லை. "அம்மா ரூம்ல மிச்சம் இருக்குதே, அத்த எடுத்துக்கோங்க பாய். அங்க யாரு பாக்கப் போறாங்க?"

நான் அலமாரி பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பாய்தான் என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குச் சம்மதமாம்மா?"

"எடுங்க பாய்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அடுத்த மாசம் உனக்குப் புதுசாவே போட்டுத் தரேம்மா" என்றான் மகன். அந்த மாசம் இன்னும் வரவில்லை.

வேலை முடிந்து ஹாலைப் பெருக்கும்போது கற்பூரத் தழும்பைப் பார்த்தேன். செருப்புக் காலோடு வருகிறவர்கள் மிதிக்கிற இடம்.

"டேய், அது நான் விழுந்து கும்பிட்ட பலகைடா. மாத்தச் சொல்லுடா."

"ஒத்தப் பலகைக்காக மொத்தத்தையும் கழட்டுவாங்களாம்மா? அசிங்கமா தெரிஞ்சா சோபாவ இழுத்துப் போட்டுடலாம். அப்புறம் யாரு பாக்கறா?"

மருமகள் சிரித்தாள். "அத்தை, பலகைக்கும் தோஷம் கழிக்கணுமா?"

சோபாவை இழுத்துப் போட்டார்கள்.

இப்போது என் அறை வெறும் சிமெண்ட். வெள்ளிக்கிழமை மறுபடியும் மாக்கோலம் போடுகிறேன். பெருமாள் கொடுத்ததென்று சந்தோஷப்படத்தான் பார்க்கிறேன். ஆனால் நான் மாவு கரைத்ததுமே மருமகள் பழைய துண்டைச் சுருட்டி என் வாசற்படியில் அடைக்கிறாள், ஈரம் ஹாலுக்கு வந்துவிடக் கூடாதென்று.

அந்தச் சோபாவில் நான் உட்காருவதில்லை. வந்தவர்கள் கேட்டால், "அம்மாவுக்கு அவங்க ரூம்தான் புடிக்கும்" என்கிறான் மகன்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். என் மகனைக் கெட்டவனாக்க வேண்டாம், என்னைப் பாவப்பட்டவளாக்கவும் வேண்டாம். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.