முனுசாமிக்கு என்ன பிடிக்கும்?

இந்த ஊரில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவனை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். நம் குடியாத்தம் சந்தையில் மாட்டுக்குத்தான் அப்படிப் பல்லைப் பிடித்துப் பார்ப்போம். இங்கே கோலார் தங்கவயலில் மனிதனுக்கு. நாள் முழுக்கப் பூமிக்கடியில் பாறை உடைத்துவிட்டு, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வந்தால் வாசலில் ஒருவன் நிற்கிறான். வேட்டியை உதறு என்கிறான், குடுமியை அவிழ் என்கிறான், நாக்கைத் தூக்கு என்கிறான். கடைவாயில் தங்கத்தை அடக்கிக்கொண்டு போகிறோமாம். இத்தனை வருடமாகத் திறந்து காட்டுகிறேன், வெற்றிலைக் காவியைத் தவிர அவன் எதையும் கண்டதில்லை. தினமும் முறைத்துக்கொண்டேதான் திறக்கிறேன்.

என் தம்பி முனுசாமி அப்படியில்லை. வரிசையில் நிற்கும்போதே வாயைத் திறந்து தயாராக வைத்துக்கொள்வான்.

"ஈ பூந்துடப் போவுது, மூடுடா" என்பேன்.

"பாவம்ணா, காலையிலேர்ந்து எத்தினி வாயப் பாத்திருப்பான் அந்தாளு" என்பான்.

போன ஐப்பசியில் அவன் செத்துப்போனான். ஊரில் அவனுக்குப் படைக்கும்போது ஒரு சண்டை வந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். சண்டை புரிய வேண்டுமானால் அவனைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே நாலு பாஷை பேசுகிறார்கள். ஒவ்வொன்றிலும் நல்லா இருக்கிறது என்று சொல்ல மட்டும் அவன் கற்றுக்கொண்டான். எங்கள் தட்டிக் குடிசைக்குப் பக்கத்தில் ஒரு தெலுங்குக்காரி. அவள் பச்சடி என்று தரும் துவையலில் அடுப்பையே கரைத்துவிட்டது போல ஒரு காரம். கண்ணில் தண்ணீர் ஒழுக, "பாகுந்தி அக்கா" என்பான். அந்தம்மாள் பூரித்துப் போய் மறுநாளும் கொடுப்பாள். களி உருண்டை விற்கும் கன்னடக் கிழவரிடம் "சென்னாகிதே." துரைக்கு மட்டும் "குட் சார்." ஒருநாள் சுரங்கத்தில் வேலை வாங்கும் கேப்டன் துரை ஆழமான குழிக்கு மேலே கிடந்த ஒற்றைப் பலகையைக் காட்டி நீளமாக என்னவோ கேட்டார். இவன் "குட் சார்" என்றான். அன்று முழுவதும் அந்தப் பலகையில் நின்று உளி பிடித்துவிட்டுத்தான் மேலே வந்தான்.

"இன்னாடா கேட்டாரு துரை?"

"தெரியலணா. ஆசையாக் கேட்டாரு, எப்டி இல்லன்றது?"

அறைந்தேன். அதற்கும் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் உருண்டை ரொட்டி வாங்கித் தருவேன். துரைமார் தின்பது. ஊரில் எவனும் கண்ணால் பார்த்திராதது. ரெண்டு ரொட்டியை மளமளவென்று முழுங்கிவிட்டு, "இதாண்ணா சாப்பாடு" என்பான். அம்மா யார் மூலமாவது சட்டியில் கருவாட்டுக் குழம்பு சுண்டக் காய்ச்சி அனுப்புவாள். "அய்ய, முள்ளு. எனுக்கு எப்பவும் ஆவாதுணா" என்று அதைத் தெலுங்குக்காரிக்குக் கொடுத்துவிடுவான். எல்லாரையும் ஏமாற்றுகிறான், என்னிடம்தான் உண்மை பேசுகிறான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம்.

காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதே புத்திதான். மருந்து கட்டும் டிரஸ்ஸர் வந்து உடம்பு எப்படி என்று கேட்டால், "நல்லாக்கீது சார்" என்பான். அவரும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். "நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லேண்டா, வாயில இன்னா கொழக்கட்டையா?" என்று கத்தினேன். "நிக்க நேரமில்லாம சுத்துறாருணா, பாவம்" என்றான். நாலாம் நாள் போய்விட்டான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இங்கேயே அடக்கம் செய்துவிட்டு, பதினாறாம் நாளுக்கு ரயிலேறி ஊருக்குப் போனேன். செத்தவனுக்குப் பிடித்ததைத்தான் இலையில் படைக்க வேண்டும். அம்மா கேழ்வரகுக் களியும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். நான் மூட்டையை அவிழ்த்து ரெண்டு ரொட்டியை எடுத்தேன்.

"இன்னாடா அது, பஞ்சு மூட்ட?" என்றாள் அத்தை.

"ரொட்டி. அவனுக்கு இதான் உசுரு. கருவாட்ட எடும்மா. அவன் அத்தத் தொடவே மாட்டான். நீ அனுப்புனதெல்லாம் பக்கத்து வூட்டுக்காரி துன்னா."

இழவு வீட்டில் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. அம்மா அழவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஓஹோ. லீவுக்கு வரப்போல்லாம் இங்க இன்னா சொன்னான் தெரியுமா? அண்ணன் வாரா வாரம் ரொட்டி வாங்கித் தருது, மேவாயில ஒட்டிக்கினு உள்ள எறங்கவே மாட்டேங்குது, ஆசையாத் தருதே, இன்னா பண்றதுன்னான். சட்டியோட குந்தி எங் கொழம்ப வழிச்சித் துன்னுட்டுதான் சொன்னான்!"

 எத்தனை ஞாயிற்றுக்கிழமை! திருட்டுப் பயல், ஒன்றுக்கு ரெண்டாகத் தின்றானே!

அத்தைக்கும் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. "அப்ப எம் பணியாரம்? நல்லாக்கீதுன்னுதானே சொன்னான்?"

"ஒங்கிட்டயுமா?" என்று சித்தப்பா சிரித்துவிட்டார். இழவு வீடு முழுக்கச் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். சிரித்து முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்: "அப்ப அவனுக்கு இன்னாதான்டா புடிக்கும்?"

ஏழு வருடம் ஒரே குடிசையில், ஒரே பாயில் கிடந்தோம். எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்கும் தெரியவில்லை. கல்யாணமும் ஆகவில்லை, கேட்க ஒரு பெண்டாட்டியும் இல்லை. சித்தப்பா, "கற்பூரம் அணையுது, எத்தையாவது வையுங்க" என்று அதட்டினார். எல்லாவற்றையும் வைத்தோம். இலை கொள்ளவில்லை.

இந்த ஐப்பசியில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. இங்கேயே படைக்க வேண்டியதாயிற்று. ரொட்டி வாங்கக் கடை வரை போனேன். எனக்காகத்தான் அதை விழுங்கினான் என்று தெரிந்தபிறகு அதை நானே படைக்க மனம் வரவில்லை. அம்மா படைக்கட்டும் என்று ரெண்டு ரொட்டி வாங்கி ஊருக்குப் போகிறவனிடம் கொடுத்தனுப்பி, அவளிடம் கருவாட்டுக் குழம்பு கேட்டேன். அவளுக்கும் தன் குழம்பைத் தானே படைக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. நான் கேட்பதற்கு முன்பே குழம்புச் சட்டி கிளம்பிவிட்டிருந்தது.

படைத்ததை வீட்டார்தான் தின்ன வேண்டும். அங்கே பல்லில்லாத அம்மா ரொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, திட்டிக்கொண்டே விழுங்கியிருப்பாள். இங்கே நான் விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நெத்திலி முள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுவிட்டு, சட்டியை வழித்துத் தின்றேன்.