அண்ணனை எதிர்த்து டெண்டர் போடுவதா?

இன்று ராகலை பஸ்ஸில் ஓர் உலக மகா யுத்தம் மூள இருந்தது. சாட்சி நான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக் குடியிருப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் ஓடைப் பாலம் உடைந்து கிடக்கிறது. புதிதாகக் கட்ட பிரதேச சபை டெண்டர் கூப்பிட்டிருக்கிறது. பாலம் கட்டத் தெரிந்தவர்கள் ஈரேழு உலகத்திலும் இரண்டே பேர்: மேசன் ராமையாவும் அவர் தம்பி முத்துவும்.

சபை உறுப்பினர் ஜெயந்தி பஸ்ஸில் முத்துவைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க ஏன்ணே இன்னும் டெண்டர் போடல?”

“அண்ணன் போட்டிருக்காருல்ல. அவர எதிர்த்து நான் போடுறதா? ஊரு காறித் துப்பாதா?”

“ஒருத்தர் மட்டும் போட்டா போட்டியே இல்லன்னு திருப்பி அனுப்பிருவாங்க. மழைக்கு முன்னுக்குப் பாலம் வராது!”

முன் சீட்டிலிருந்து ராமையா சிங்கம் போல் எழுந்தார். “டேய் முத்து, பிள்ளைங்க தண்ணியில எறங்கிப் போகுதுங்க. என்னைய எதிர்த்துப் போடுடா. இது அண்ணன் உத்தரவு!”

முத்து கண் கலங்கி, கைகட்டிக் கேட்டார்: “சரிண்ணே. எவ்வளவு போடட்டும்?”

ஜெயந்தி காதைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, அத மட்டும் பேசிக்கவே கூடாது! பேசி வச்சு விலை போட்டாங்கன்னு ரெண்டு பேரு டெண்டரையும் தூக்கிருவாங்க!”

டெண்டர் முடியும்வரை இருவரும் விலையைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று பஸ்ஸே தீர்ப்பளித்தது. ஆனால் தம்பிக்குச் சாப்பாடே அண்ணன் வீட்டில்தான். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட ஒரு நேர்மையான நடுவர் தேவை.

நான் தயார். ராமையா வீட்டுக் கோழிக்குழம்புக்காக இல்லை என்று சத்தியம் செய்தால் நம்புவீர்களா?