நெஞ்சுக்கூட்டில் கேட்கும் குழல்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் என் பக்கத்தில் ஒரு பேண்டு செட்காரர் வந்து உட்கார்ந்தார். ஊர்வலத்தில் வெயிலோடு நடந்த களைப்பில் அவருக்குக் கண் சொருகியது. உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு ஊதும் பெரிய பித்தளைக் குழலை மட்டும் கழற்றவில்லை. அதன் கனம் அழுத்தி இடது தோள் காய்த்துப் போயிருந்தது.

“சின்னதா டிரம்பெட் ஊதலாமேங்க?” என்றேன். காதைக் காட்டினார். உரக்கக் கேட்டேன்.

“மொதலாளியும் அதான் சொல்றாரு. எனக்குக் காது போயிடுச்சுங்க. டிரம்பெட்டு ஊதுனா நான் ஊதுறதே எனக்குத் தெரியறதில்ல. இத மாட்டிக்கினு ஊதுனா நெஞ்சுக்கூடு அதிருது. அது போதும்.”

விழுப்புரம் பஸ் வந்தது. கூட்டத்தில் அந்தக் குழலை ஏற்ற முடியாது என்றார் கண்டக்டர். பேண்டு செட்காரர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

நான் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தார். பஸ் இரைச்சலில் எனக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை.